பாக்டீரியாவின் குதிரில் விளைந்த பிளாஸ்டிக்

வைப்பின் தீவு ஆறு கட்டிய தீவு. 1341-இல் பெரியாற்றில் வந்த ஒரு பெருவெள்ளம் பழைய முசிறித் துறையை மண்ணால் தூர்த்துவிட்டு, தெற்கே கொச்சியில் புதிய கடல்வாயைத் திறந்தது என்றும், அது தள்ளிக்கொண்டு வந்த மணலும் வண்டலும் சேர்ந்தே தீவு உயர்ந்தது என்றும் அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். அந்த வருடத்தை முதலாக வைத்துப் ‘புதுவைப்பு’ என்றொரு ஆண்டுக் கணக்கே ஒரு காலத்தில் வழக்கில் இருந்தது. சிவகிரி மலைப்பக்கம் பிறந்து, முல்லைப்பெரியாறு அணையில் ஒரு பங்கை நம் வைகைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு மேற்கே இறங்கும் ஆறு அது. கொண்டுவந்து போடும் பழக்கத்தை இன்றும் விடவில்லை. சரக்குதான் மாறிவிட்டது.

வைப்பின் படகுத்துறை ஓரத்துச் சீன வலை ஒன்று தண்ணீரை விட்டு எழும் நேரத்தில் அருகே நின்று பார்த்தால் தெரியும். கல் கட்டிய வடங்களை நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க, மரக் கம்பங்கள் முனக, வலை மெல்ல மேலே வரும். நடுக்குழியில் ஒரு பிடி மடவையும் கொஞ்சம் இறாலும் துள்ளும். அவற்றோடு ஆகாயத்தாமரைக் கொத்து, ஒரு பால் கவர், ஷாம்பு சாஷே, அறுந்த நைலான் கயிறு. மீனை அள்ளுவது எளிது. கண்ணியில் சிக்கிய கவரைப் பிய்த்தெடுப்பதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.

அந்தக் கவரைப் போலவே வளைந்து கொடுக்கும், சூட்டில் உருகும், அச்சில் வார்க்க வரும், ஆனால் மண்ணிலோ கடலிலோ விழுந்தால் நுண்ணுயிர்கள் தின்று முடித்துவிடும் பிளாஸ்டிக் ஒன்று உண்டு என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். பாக்டீரியாக்கள்தான் அதைச் செய்கின்றன, அதுவும் ஆலைக் கழிவைத் தின்று செய்கின்றன என்பதும் காதில் விழுந்திருக்கும். நேற்று வந்த புதுமை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாலித்தீனுக்கு மூத்தது. அதன் கதை நெதர்லாந்தின் ஈஸ்ட் ஆலை ஒன்றில் தொடங்கி, பல கை மாறி, கொச்சிக் காயல் வரை வந்திருக்கிறது.

கொச்சிக்கு டச்சுக்காரர்கள் அந்நியர்கள் இல்லை. 1663-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஊரைப் பிடித்து, 1795 வரை அங்கே உட்கார்ந்து மிளகு வாங்கியவர்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு இன்றும் ‘டச்சு அரண்மனை’ என்றே பெயர். தங்கள் படையின் துணிகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து சலவைக் குடும்பங்களை அழைத்து வந்தவர்களும் அவர்கள்தான் என்பார்கள். ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் இன்றும் தமிழ் கேட்கிறது. அந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை நடத்திய ஆறு நகரங்களில் ஒன்று டெல்ஃப்ட். கம்பெனி மூடி ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, அதே டெல்ஃப்டில் ஈஸ்டும் சாராயமும் செய்யும் ஆலையில் மார்ட்டினுஸ் பெய்ஜெரிங்க் என்ற நுண்ணுயிரியலாளர் வேலை பார்த்தார். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுக்குள் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவை 1888-இல் பிரித்துக் காட்டியவர் அவர். அதே வருடம், பாக்டீரியாவின் உடலுக்குள் ஒளியில் பளபளக்கும் சின்னஞ்சிறு மணிகளையும் நுண்ணோக்கியில் கண்டார். ஏதோ கொழுப்பு போலிருக்கிறது என்பதோடு அப்போது பேச்சு நின்றுவிட்டது. நைட்ரஜனும் இந்த மணிகளும் ஒரே மனிதரின் மேசையில் ஒரே வருடத்தில் சந்தித்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவை மறுபடி மறுபடி சந்திக்கும்.

மணிகள் என்ன பொருள் என்று தெரிய இன்னும் 38 வருடம் ஆனது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மோரிஸ் லெமுவான்யு என்பவர் பேசில்லஸ் மெகாடேரியம் என்ற மண் பாக்டீரியாவை வளர்த்துக்கொண்டிருந்தார். உணவில்லாமல் விட்ட செல்களைச் சுற்றியிருந்த கரைசல் புளித்துக்கொண்டே போனது. இந்த அமிலம் எங்கிருந்து ஊறுகிறது என்று துரத்திக்கொண்டு போனவர், செல்லுக்குள் இருந்த வெள்ளைப் பொருள் ஒன்றில் போய் முட்டினார். பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரிக் அமிலத்தின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியான பொருள் அது. பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட் என்பது அதன் முழுப்பெயர், இனி பி.எச்.பி. என்றே சொல்கிறேன். 1926-இல் அவர் அதை எழுதி வெளியிட்டார். நாம் பட்டினி விரதம் இருக்கும்போது நம் ரத்தத்தில் ஏறுவதும் இதே அமிலத்தின் தனி மூலக்கூறுதான். பாக்டீரியா அதைச் சங்கிலியாகக் கோத்துச் சேமிக்கிறது. நம் உடம்பு கோக்காமல் அப்படியே எரிக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லெமுவான்யுவின் கட்டுரைகள் தவறான காலத்தில் வந்தன. பெரிய மூலக்கூறுச் சங்கிலிகள் என்று ஒன்று உண்டா என்பதே அப்போது வேதியியலாளர்களிடையே சண்டையாக இருந்தது. உண்டு என்று 1920-இல் சொன்ன ஹெர்மன் ஷ்டௌடிங்கருக்கு நோபல் பரிசு வர 1953 ஆயிற்று. ஒரு பாக்டீரியாக்காரர் பிரெஞ்சில் எழுதியதை பிளாஸ்டிக் ஆட்கள் யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏழு வருடம் கழித்து, 1933-இல், இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி ஆய்வகத்தில் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் கடும் அழுத்தத்தில் வைத்துச் சோதித்தபோது, எதிர்பார்த்தது நடக்காமல் பாத்திரத்தில் மெழுகு போன்ற ஒரு வெள்ளைப் பொருள் ஒட்டியிருந்தது. அதுதான் பாலித்தீன். அந்த விபத்துக்குப் பின்னால் ஒரு பெரும் கம்பெனி நின்றது, அடுத்துப் போரும் வந்தது. லெமுவான்யுவின் விபத்துக்குப் பின்னால் யாரும் இல்லை.

பாக்டீரியா இதை எதற்காகச் செய்கிறது என்பதை 1958-இல் எடின்பரோவில் மேக்ரேயும் வில்கின்சனும் தெளிவாக்கினார்கள். சர்க்கரை தாராளமாகக் கிடைத்து நைட்ரஜன் பற்றாமல் போகும்போது மணிகள் நிறைகின்றன. சர்க்கரை தீர்ந்ததும் மணிகள் கரைகின்றன. காரணம் எளிது. புரதம் கட்டி இரண்டாகப் பிரிந்து பெருக நைட்ரஜன் வேண்டும். அது இல்லாதபோது வந்த சர்க்கரையை என்ன செய்வது? நல்ல விளைச்சல் வருடத்தில் நம் பாட்டிமார் குதிரில் நெல்லைக் கொட்டி வைத்தார்களே, அந்த வேலையைத்தான் பாக்டீரியா செய்கிறது. சில இனங்கள் தம் உலர் எடையில் 80 சதவீதம் வரை இப்படிச் சேர்த்துவிடும். சூடான் பிளாக் என்ற சாயத்தை ஏற்றிக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தால், வயிறு முட்ட அடைத்த செல்லுக்குள் கருநீல உருண்டைகள் நெருக்கியடித்துக் கிடப்பது தெரியும்; செல்லின் சுவர் ஒரு மெல்லிய கோடாக மட்டும் வெளியே நிற்கும்.

டெல்ஃப்டும் சும்மா இருக்கவில்லை. பெய்ஜெரிங்கின் நாற்காலியில் அமர்ந்த குளூய்வரிடம் படித்த வான் நீல் கலிஃபோர்னியாவின் கடற்கரை ஆய்வு நிலையம் ஒன்றுக்குப் போய் வகுப்பெடுத்தார். அவரிடம் பாடம் கேட்ட டூடோராஃபும் ஸ்டேனியரும் 1959-இல் பெர்க்லியில் இந்தப் பொருளைச் செல் எப்படிக் கட்டுகிறது, எப்படி உடைக்கிறது என்று ஆராய்ந்தார்கள். பி.எச்.பி.யைத் தின்று வாழும் மண் பாக்டீரியா ஒன்றை டூடோராஃபின் குழு பிரித்தெடுத்து, 1965-இல் அதற்கு லெமுவான்யுவின் பெயரை வைத்தது. பொருளைக் கண்டுபிடித்தவரின் பெயர் அந்தப் பொருளைத் தின்னும் உயிருக்கு! எனக்கு இது மிகப் பொருத்தமான மரியாதை என்றே படுகிறது. ஒரு பிளாஸ்டிக்குக்கு உண்டாகும் வழி போலவே அழியும் வழியும் இயற்கையிலேயே இருக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது. பாலித்தீனைக் கண்டுபிடித்தவர்களின் பெயரில் அதைத் தின்னும் பாக்டீரியா எதுவும் இல்லை.

முதலில் இதை விற்கப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியார். அந்தக் கம்பெனியின் பூர்வீகம் பெருவில். பறவை எச்சம் குவிந்து கிடந்த தீவுகளிலிருந்து குவானோ உரத்தை ஏற்றப் போகும் கப்பல்களுக்குச் சரக்கு விற்றுத்தான் வில்லியம் கிரேஸ் காசு பார்த்தார்; பிற்பாடு நியூயார்க்கின் மேயராகவும் ஆனார். குவானோ என்றால் நைட்ரஜன். நைட்ரஜனால் தலையெடுத்த கம்பெனி, நூறு வருடம் கழித்து, நைட்ரஜன் இல்லாதபோது விளையும் பொருளுக்குக் காப்புரிமை வாங்கியது. அறுவைச் சிகிச்சைத் தையல் நூலாக இதைப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் விளைச்சல் குறைவு. செல்லின் குப்பையிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்யும் செலவோ அதிகம். 1960-களின் தொடக்கத்திலேயே கைவிட்டார்கள். அந்தத் தையல் நூல் கனவு வேறொரு கம்பெனி மூலம், பி.எச்.பி.யின் நெருங்கிய உறவுப் பொருளில், 2007-இல்தான் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பாலித்தீனைப் பெற்ற அதே ஐ.சி.ஐ. கம்பெனிக்கு, எண்ணெய் இல்லாத பிளாஸ்டிக் வேண்டும் என்ற எண்ணம் அப்போது வந்தது. பில்லிங்ஹாமில் மெத்தனாலைத் தின்னும் பாக்டீரியாவை வளர்த்துக் கால்நடைத் தீவனம் செய்யப் பார்த்த அனுபவம் அவர்களிடம் இருந்தது. ஆகவே பாக்டீரியாவிடம் பிளாஸ்டிக் கேட்பது அவர்களுக்குப் பெரிய தாவல் இல்லை. வெறும் பி.எச்.பி.யில் ஒரு குறை: உருகுவது 175 டிகிரி அளவில், அதற்குக் கொஞ்சம் மேலே போனாலே சிதையத் தொடங்கிவிடும், குளிர்ந்த பிறகு நொறுங்கும். குளுக்கோஸோடு புரோப்பியானிக் அமிலத்தையும் கலந்து ஊட்டினால், பாக்டீரியா சங்கிலியின் நடுநடுவே வேறொரு கண்ணியையும் கோத்துவிடுகிறது. பொருள் வளைந்து கொடுக்கிறது. பயோபால் என்று பெயர் சூட்டினார்கள். 1990-இல் ஜெர்மனியில் வெல்லா கம்பெனியின் ஷாம்பு அந்தப் பயோபால் பாட்டிலில் கடைக்கு வந்தது.

அதற்கப்புறம் நடந்தது சொத்துக் கைமாறும் கதை. ஐ.சி.ஐ.யிலிருந்து பிரிந்த ஜெனெகாவுக்குப் போனது. 1996-இல் மான்சான்டோ வாங்கியது. நொதிக்கலன் எதற்கு, செடியிலேயே விளையவைக்கலாம் என்பது மான்சான்டோவின் யோசனை. கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் பாக்டீரியாவின் மரபணுவைப் புகுத்தி இலையில் பி.எச்.பி. விளைவித்து 1992-லேயே அமெரிக்காவில் காட்டியிருந்தார்கள். விளைந்தது கடுகளவுதான். மான்சான்டோ சலித்து விலகியது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் தொடங்கிய மெட்டபாலிக்ஸ் அடுத்து வாங்கி, சோளச் சர்க்கரையை நம்பி அயோவா மாநிலத்தில் வருடத்துக்கு 50,000 டன் செய்யும் ஆலையைப் பெரிய கூட்டாளியோடு சேர்ந்து கட்டியது. 2012-இல் கூட்டாளி விலகிக்கொண்டார். 2016-இல் எல்லாம் கொரியாவின் சி.ஜே. கம்பெனிக்குப் போனது, அவர்கள் 2022 முதல் இந்தோனேசியாவின் பசுருவானில் செய்கிறார்கள். ஜப்பானின் கனேகா தாவர எண்ணெயை ஊட்டிச் செய்கிறது. அமெரிக்காவின் டானிமர் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்துவிட்டது.

இத்தனை பேர் கையிலும் பாக்டீரியா தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. இடித்தது சாப்பாட்டுச் செலவு. இந்தப் பிளாஸ்டிக்கின் விலையில் ஏறக்குறைய பாதி, பாக்டீரியாவுக்குப் போடும் தீனியின் விலை. மனிதர் தின்னும் சோளத்தையும் சர்க்கரையையும் எண்ணெயையும் விலை கொடுத்து வாங்கி ஊட்டி, எண்ணெய்க் கிணற்றின் மிச்சத்திலிருந்து வரும் பாலித்தீனோடு விலையில் மோதினால் தோல்விதான். ஆகவே தீனியை எங்கே இலவசமாகப் பிடிப்பது என்பதே இந்தப் பொருளின் பிற்காலக் கதை முழுவதும்.

விடை சாக்கடையில் ஏற்கனவே மிதந்துகொண்டிருந்தது. 1974-இல் அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வகத்தில் வாலனும் ரோவெட்டரும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றை எடுத்துக் கரைத்தார்கள். பி.எச்.பி. மட்டுமல்ல, அதன் உறவுக் கண்ணிகள் கலந்த சங்கிலியும் அதில் கிடைத்தது. ஐ.சி.ஐ. புரோப்பியானிக் அமிலத்தைக் காசு கொடுத்து வாங்கிச் செய்யப்போவதை, அழுகும் கழிவில் தானாக ஊறிய புரோப்பியானிக் அமிலத்தைக் கொண்டு சாக்கடைப் பாக்டீரியா சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. பாலாடைக் கட்டி ஆலையின் மோர்த்தண்ணீர், கரும்பாலை வெல்லப்பாகு, பயோடீசல் ஆலையில் எண்ணெயில் பத்தில் ஒரு பங்காக மிஞ்சும் கிளிசரின் என்று ஆய்வாளர்களின் கண் குப்பைப் பக்கம் திரும்பியது.

இதில் மீண்டும் டெல்ஃப்ட் வருகிறது. அங்கேயுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்க் வான் லோஸ்ட்ரெக்ட் குழுவினர் ஒரு தந்திரம் செய்தார்கள். தூய்மையான ஒற்றைப் பாக்டீரியாவை வளர்க்க எல்லாவற்றையும் கொதிக்கவைத்துக் கிருமி நீக்க வேண்டும்; அது செலவு. அவர்கள் சாக்கடைக் கூட்டத்தை அப்படியே தொட்டியில் விட்டார்கள். கொஞ்ச நேரம் தீனி, அப்புறம் நெடுநேரம் பட்டினி. தீனி வந்த நேரத்தில் வேகமாகச் சேமித்துக்கொள்ளும் இனம் மட்டும் பட்டினியைத் தாண்டும். மற்றவை மெலிந்து போகும். இந்தச் சுற்றைத் திருப்பித் திருப்பி ஓட்டினால் தொட்டி முழுக்கச் சேமிப்புக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். அப்படிக் கிடைத்த ஓர் இனம் உடம்பில் ஏறக்குறைய 90 சதவீதம் வரை பிளாஸ்டிக் சேர்த்தது. ஃபெக்கல் ஊரில் உள்ள மார்ஸ் சாக்லேட் ஆலையின் கழிவுநீரை வைத்து இதை முன்னோட்ட அளவில் நடத்தி, 2014-இல் வெளியிட்ட ஆய்வில் 70 சதவீதம் காட்டினார்கள். சாக்லேட் கழுவிய தண்ணீரிலிருந்து பிளாஸ்டிக்!

நம் நாட்டுக்கு வருவோம். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் பழமொழியாகச் சொல்வதை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தார் அப்படியே ஆய்வகத்தில் செய்தார்கள். டி.ஆர். ஷாமலாவும் கூட்டாளிகளும் இலுப்பைப்பூவின் சர்க்கரையை ஊட்டிப் பாக்டீரியாவிடம் பிளாஸ்டிக் வாங்கி 2007-இல் வெளியிட்டார்கள். ஆழ்வார்க்குறிச்சியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சூழலியல் மையத்தில், தென்னை நார் ஆலைக் கழிவை அசோட்டோபாக்டர் பெய்ஜெரிங்கியை என்ற பாக்டீரியாவுக்கு ஊட்டினார்கள். 2010-இல் கட்டுரை வந்தது. பெயரைக் கவனித்தீர்களா? 1888-இல் அந்த மணிகளை முதலில் பார்த்த டெல்ஃப்ட்காரரின் பெயர்தான். தென்னை நார்க் கழிவில் அவர் பெயரைச் சுமந்த உயிர் அதே மணிகளை நிரப்பியிருக்கிறது. திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் உள்ள நிஸ்ட் ஆய்வகம் மரவள்ளி மாவு, பலாக்கொட்டை மாவு, வைக்கோல் சாறு என்று மலையாள மண்ணின் மிச்சங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்தது. ஹைதராபாத்தில் வெங்கட மோகன் குழு எச்சில் சோற்றைப் புளிக்கவைத்த நீரை எடுத்தது. பவநகரில் உப்பு ஆய்வு நிறுவனத்தார் காட்டாமணக்குப் பயோடீசலின் கிளிசரினைக் கடல் பாக்டீரியாவுக்குக் கொடுத்தார்கள். உப்பில் வாழும் பாக்டீரியாவை எடுப்பதில் ஒரு லாபம் உண்டு: அந்த உப்பில் வேறு கிருமி எதுவும் எளிதில் நுழையாது, தொட்டியைக் கொதிக்கவைக்கும் செலவு மிச்சம். தூத்துக்குடி உப்பளக்காரர்கள் காதில் போட்டுவைக்க வேண்டிய செய்தி.

கொச்சியிலேயே இந்த வேலை நடந்திருக்கிறது. கொச்சிப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிர் நல மையத்தில் ஐ.எஸ். பிரைட் சிங், ரோசம்மா பிலிப் ஆகியோரின் குழு, பாறையிலும் துறைமுகத் தூணிலும் ஒட்டிக்கொண்டு தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சும் கறுப்பு நிறக் கடல் உயிரி ஒன்றிலிருந்து விப்ரியோ ஹார்வேயி என்ற பாக்டீரியாவைப் பிரித்தது. எம்.சி.சி.பி. 284 என்பது அதன் பதிவெண். கிளிசரினைக் கொடுத்தால் அது உடம்பு நிறையப் பி.எச்.பி. சேர்க்கிறது என்று 2017-இல் வெளியிட்டார்கள். விப்ரியோ என்ற பெயர் கேட்டால் இறால் குஞ்சுப் பொரிப்பகம் வைத்திருப்பவர்களுக்கு வயிறு கலங்கும். குஞ்சுகளைக் கூண்டோடு கொல்லும் கூட்டம் அது. இதே கூட்டத்தைப் பற்றி பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2007-இல் வேறொன்று தெரிந்தது. பி.எச்.பி. மணிகளைத் தீவனமாகக் கொடுத்தால், ஆர்ட்டீமியா என்ற, இறால் போன்ற சிறு உயிர் விப்ரியோ நோயிலிருந்து தப்பிக்கிறது. குடலில் மணிகள் உடைந்து அமிலமாக மாறி நோய்க்கிருமியை அடக்குவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நோய் தரும் கூட்டத்து உயிர் ஒன்று நோய்க்குக் காப்பான பொருளைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறது!

வைப்பினுக்கு இந்தச் செய்தி சாதாரணமானது இல்லை. தீவின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல், மழை ஓய்ந்ததும் உப்பு நீரை விட்டு இறால் என்று காலங்காலமாக மாற்றி மாற்றிப் பயிரிடுகிறார்கள். 1953-இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பிறகு, கரையெங்கும் இறால் உரிக்கும் கொட்டகைகள் முளைத்தன. விடியற்காலையில் பெண்கள் குந்தியிருந்து, ஐஸ் தண்ணீரில் விறைத்த விரல்களால் தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றிப் போடுவார்கள். இறாலின் எடையில் ஏறக்குறைய பாதி அந்தக் கூடையில் விழும். ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற பொருளை எடுக்கும் முறையை வில்லிங்டன் தீவின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எப்போதோ உருவாக்கிக் கொடுத்துவிட்டது. ஆனால் கழுவிய தண்ணீர் பெரும்பாலும் வீணாகவே போகிறது. வியட்நாமில், புளிக்கவைத்த இறால் விழுதிலிருந்து பிரித்த உப்புப் பாக்டீரியா ஒன்று மீன் எண்ணெய்க் கழிவையும் கிளிசரினையும் தின்று இந்தப் பிளாஸ்டிக்கைச் செய்வதாக 2019-இல் காட்டியிருக்கிறார்கள். கடல் சரக்கின் கழிவு நம் கொட்டகை வாசலிலும் கிடக்கிறது.

தீவின் தென்கோடியில், புதுவைப்பில், 2013 முதல் பெட்ரோநெட் நிறுவனத்தின் திரவ எரிவாயு முனையம் நிற்கிறது. கத்தார் போன்ற நாடுகளிலிருந்து வந்திறங்குவது பெரும்பாலும் மீத்தேன். மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்களிலும் ஒரு வகை பி.எச்.பி. சேர்க்கும், கலிஃபோர்னியாவில் இரண்டு கம்பெனிகள் இதையே தொழிலாக்கியிருக்கின்றன. விலை கொடுத்து வாங்கும் வாயு இதற்குக் கட்டுப்படியாகாது. குப்பையிலிருந்து கிளம்பும் மீத்தேன் ஆகலாம். அந்தக் குப்பைக்கும் கொச்சியில் பஞ்சமில்லை: 2023 மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பை மலையில் பிடித்த தீ பத்து நாட்களுக்கு மேல் எரிந்து, கொச்சி நகரமே பிளாஸ்டிக் புகையை மூச்சில் இழுத்தது. ஆற்றின் மேற்பக்கம் ஏலூரில், சேஷசாயி சகோதரர்கள் என்ற நம் ஊர்க்காரர்களின் முயற்சியில் 1943-இல் பதிவான ‘ஃபேக்ட்’ உரத் தொழிற்சாலை, ஆரம்பத்தில் விறகை எரித்து வாயுவாக்கி நைட்ரஜன் உரம் செய்தது. அதைச் சுற்றி வளர்ந்த ஆலைப்பகுதியை ஒட்டி 2024 மே மாதம் பெரியாற்றில் கூண்டு மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. காரணம் எது என்று வாதம் இருக்கிறது; கரையோரத்து மீன் வளர்ப்பவர்களுக்கு இழப்பு மட்டும் உறுதி. நைட்ரஜன் ஒரு பக்கம், கரிமக் கழிவு மறுபக்கம் என்று இரண்டும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும் ஊர்கள் குறைவு. முதலில் நைட்ரஜன் கொடுத்துப் பெருக்கவைத்து, அப்புறம் நைட்ரஜனை நிறுத்திக் கொழுக்கவைப்பதுதான் இந்தத் தொழிலின் முழு ரகசியமும்.

இதற்கிடையே போலிகள் முந்திக்கொண்டன. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலும், கேரளம் 2020 ஜனவரி 1 முதலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்த பிறகு, பச்சை எழுத்தில் ‘மக்கும்’ என்று அச்சடித்த பைகள் கடைகளில் நிறைந்தன. அவற்றில் சில சாதாரணப் பாலித்தீனில் உலோக உப்பைக் கலந்தவை. வெயிலில் தூளாகும், மக்காது. அந்தத் தூள் மீனின் வயிற்றுக்குப் போவது இன்னும் எளிது. வேறு சில பி.எல்.ஏ. என்ற பொருளில் செய்தவை. அதுவும் பாக்டீரியா தரும் லாக்டிக் அமிலத்தில் பிறந்ததுதான். ஆனால் சங்கிலியைக் கோப்பது ஆலையின் வேதியியல். மக்குவதற்கு 60 டிகிரியை ஒட்டிய சூடுள்ள உரக்கிடங்கு வேண்டும். காயலில் விழுந்த பி.எல்.ஏ. டம்ளர் பல வருடம் டம்ளராகவே கிடக்கும். ஐ.எஸ். 17088 தரமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் பையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். அதுவும் உரக்கிடங்குக்கான உறுதிதான், கடலுக்கானது இல்லை. பி.எச்.பி. குடும்பம் கடலிலும் மக்குகிறது. தடித்த துண்டு என்றால் நாளாகும். மெல்லிய படலம் என்றால் சில மாதங்களில் முடிந்துவிடும்.

அதனால்தான் இதைக் கடைப் பைக்காகச் செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. பைக்குத் துணி இருக்கிறது. விலை அதிகமான இந்தப் பொருளை, போட்டால் திரும்ப எடுக்கவே முடியாத இடங்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும். கடலில் அறுந்து போகும் வலை நூல், நண்டுப் பொறியில் தானாக மக்கித் திறந்துகொள்ளும் கதவுக் கட்டு, இறால் குஞ்சுத் தீவனம். எல்லாவற்றுக்கும் முன்னால், கண்டல் நாற்று உறை. கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் புதுவைப்பு நிலையத்தைச் சுற்றிக் கண்டல் காடு இருக்கிறது. பாலித்தீன் பையில் வளர்த்த கண்டல் நாற்றை நட முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு பையைக் கிழித்து, வேர் உடையாமல் உருவி, கிழிந்த பையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த குழிக்கு நகர வேண்டும். அலை வந்தால் பாதிப் பைகள் நழுவிப் போய்விடும். உறையே மக்கும் என்றால் நாற்றை அப்படியே இறக்கி மண்ணை மூடிவிடலாம். இறால் கொட்டகையின் கழுவுநீரில் ஒரு சிறிய தொட்டி ஓட்டி, முதல் வருடம் அந்த உறைகளுக்கு வேண்டிய அளவு மட்டும் செய்து பார்க்க, தீவில் கழிவும் இருக்கிறது, காயலுக்கு அக்கரையில் பாக்டீரியாவும் அதை வளர்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.